எண்ணெய்ப் பீப்பாயில் எழுந்த இசை

யாழையும் முழவையும் சுமந்து ஊர்தோறும் நடந்த பாணரையும் பொருநரையும் அறிந்த தமிழ் வாசகர்க்கு வழிநடை இசைவாணர் புதியவர் அல்லர். ஆயின், முரசு கொட்டுவதே குற்றம் என்று சட்டம் விதித்த ஒரு நாட்டில், தெருவில் எறியப்பட்ட தகரத்தையும் வெற்றுப் பீப்பாயையும் எடுத்துத் தம் கையாலேயே கருவியாக்கி, அதனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தபடியே இசைத்த மக்களின் வரலாறு தனித்தன்மை உடையது. தென் அமெரிக்காவின் வடகரையில், வெனிசுவேலா நாட்டை அடுத்துக் கடலில் அமைந்துள்ள டிரினிடாட் தீவே அந்த வரலாற்றின் களம்.

அத்தீவினர் தம் கருவியைப் 'பான்' என்று அழைக்கின்றனர். பிற நாட்டார் அதனை 'ஸ்டீல் பான்' என்பர். எண்ணெய் அடைத்து வந்த இரும்புப் பீப்பாயின் அடித்தட்டைக் குழியாக அடித்து இறக்கி, அக்குழியின் பரப்பில் பல சுரங்களை அமைத்துச் செய்யப்படுவது அது. மின்விசையின் துணையின்றி ஒலிக்கும் கருவிகளுள், இருபதாம் நூற்றாண்டில் புதிதாகத் தோன்றி உலகெங்கும் பரவியவற்றில் இதுவே தலையாயது என்பது இசையறிஞர் பலரின் கருத்து. இக்கருவியைக் கண்டுபிடித்தவர் யார் என்ற வினாவிற்குத் தனி மனிதர் ஒருவரின் பெயரை விடையாகக் கூறுதல் இயலாது. ஒன்றன்பின் ஒன்றாக வந்த தடைகளும், அத்தடைகளுக்கிடையே நடந்தே தீரவேண்டியிருந்த ஊர்வலமும் சேர்ந்தே இதனை உருவாக்கின. அவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோல் முரசும் தடைச் சட்டமும்

1498ஆம் ஆண்டில் தம் மூன்றாம் கடற்பயணத்தின்போது கொலம்பஸ் இத்தீவை அடைந்தார். அதன்பின் தீவு ஸ்பெயின் நாட்டின் உடைமையாயிற்று. 1783இல் ஸ்பெயின் அரசர் வெளியிட்ட ஆணையின்படி, பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்கத் தோட்ட முதலாளிகள் தம் அடிமைகளுடன் வந்து குடியேறினர். 1797இல் ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றினர். ஆட்சி மாறினும் கரும்புத் தோட்டம் மாறவில்லை. அதில் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகளின் நிலையும் மாறவில்லை. 1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எனினும் பயிற்சிக் காலம் என்னும் பெயரில் தொடர்ந்த கட்டாய உழைப்பு நீங்கி முழு விடுதலை கிட்டியது 1838 ஆகஸ்டு முதல் நாளில்தான்.

கிறித்தவர்களின் தவக்காலத்திற்கு முந்திய இரு நாள்களில் பிரெஞ்சு முதலாளிகள் கார்னிவல் என்னும் களியாட்ட விழாவைத் தம் மாளிகைகளில் கொண்டாடி வந்தனர். விடுதலை பெற்ற மக்கள் அவ்விழாவைத் தெருவுக்குக் கொண்டுவந்தனர். அவர்களுடைய விழாவின் உயிராக விளங்கியது 'கான்பூலே' எனப்பட்ட ஊர்வலம். எரியும் கரும்பு என்னும் பொருள் தரும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்த பெயர் இது. அடிமைக் காலத்தில் கரும்புக் காடு தீப்பற்றினால், நள்ளிரவிலும் அடிமைகளைச் சாட்டையால் விரட்டித் தீயணைக்கவும் கரும்பு வெட்டவும் ஓட்டிச் செல்வது வழக்கம். அந்தத் துன்ப நினைவையே விடுதலை பெற்றவர்கள் ஆண்டுதோறும் தீப்பந்தங்களுடன் நடித்துக் காட்டினர். பந்தமும் சிலம்பக்கழி போன்ற கோலும் ஏந்தி, தோல் முரசின் முழக்கத்துக்கேற்ப அவர்கள் நகர்த் தெருக்களில் நடந்தனர்.

ஆளும் வகுப்பினர்க்கு இம்முழக்கம் அச்சத்தை ஊட்டியது. 1881இல் தலைநகரான போர்ட் ஆப் ஸ்பெயினில், காவல்துறைத் தலைவர் கேப்டன் பேக்கரின் ஆட்களுக்கும் கோல் ஏந்திய ஊர்வலத்தினர்க்கும் பெரும் மோதல் நிகழ்ந்தது. 1884இல் அமைதி காக்கும் சட்டம் என்னும் பெயரில் ஒரு சட்டம் பிறந்தது. பந்தம் ஏந்துதல், பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ கோலுடன் கூடுதல், தெருவில் முரசு கொட்டுதல் ஆகியவற்றைத் தடுக்கும் அதிகாரத்தை அது ஆளுநருக்கு வழங்கியது.

அதே ஆண்டில் இந்தியத் தொழிலாளர்கள் மீதும் இத்தகைய தடை பாய்ந்தது. 1845 மே 30ஆம் நாள் 'பாத்தல் ரசாக்' என்னும் கப்பல் முதல் தொகுதி இந்திய ஒப்பந்தக் கூலிகளை இத்தீவில் இறக்கியது. 1917 வரை இக்குடியேற்றம் தொடர்ந்தது. பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். ஒரு பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். ஆதலின் தமிழ்க் குருதியும் அம்மண்ணில் கலந்துள்ளது. இவர்களுள் முஸ்லிம்கள் நடத்திய மொகரம் ஊர்வலம் அங்கு 'ஹோசே' எனப்பட்டது. இந்துக்களும் அதில் கலந்துகொண்டனர். கழுத்தில் மாட்டிக் குச்சிகளால் அடிக்கப்படும் 'தாசா' என்னும் மண்முரசே அவ்வூர்வலத்தின் இசை. 1884 அக்டோபர் 30 அன்று, ஊர்வலம் நகருக்குள் நுழையக் கூடாது என்ற தடையை மீறியதாகக் கூறி, சான் பெர்னாண்டோ நகரில் காவலர் சுட்டதில் பலர் மாண்டனர். ஆப்பிரிக்க வழியினரும் இந்திய வழியினரும் வேறு வேறு விழாக்களில் வேறு வேறு முரசுகளுடன் நடந்தனர். ஆனால் அவர்கள் சந்தித்த தடை ஒன்றே என்பது ஈண்டு நினையத்தக்கது.

மூங்கில் எழுப்பிய ஒலி

தோல் முரசு தடுக்கப்பட்டதும், ஊர்வலத்தினர் காட்டிலும் ஆற்றங்கரையிலும் இயல்பாக வளர்ந்த மூங்கிலை நாடினர். அடைக்கப்பட்ட தோல் இல்லாததால் மூங்கிலைச் சட்டத்தின் மொழியில் முரசு என்று கூறுதல் அரிது. முரசைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லோடு மூங்கிலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து 'தம்பூ பம்பூ' என்ற பெயர் இக்குழுக்களுக்கு வழங்கலாயிற்று.

இக்குழுவின் அமைப்பு எளிமையானது; எனினும் நுட்பமானது. ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ள பருத்த மூங்கில் 'பூம்' எனப்பட்டது. அதன் அடிமுனையைத் தரையில் ஊன்றி இடிக்க, அடர்ந்த கீழொலி பிறக்கும். ஓரடி நீளமுள்ள இரு துண்டுகளை முனையோடு முனை மோதி ஒலிக்கச் செய்தால் அது 'பூலே', இடையொலிக்கு உரியது. மெல்லிய மூங்கிலைத் தோளில் சாய்த்து, வன்மரக் குச்சியால் விரைவாகத் தட்டினால் அது 'கட்டர்'. தாளத்தை நுணுக்கமாக வெட்டிச் செல்லும் மேலொலி அதனுடையது. இவற்றோடு சாராயப் புட்டியைக் கரண்டியால் தட்டும் ஒலியும் சேர்ந்துகொண்டது. தோல் முரசுக் குழுவில் பெரிதும் நடுத்தரமும் சிறிதுமாக நின்ற மூன்று முரசுகளின் பணியை மூன்று அளவுள்ள மூங்கில்கள் ஏற்றுக்கொண்டன. பொருள் மாறியது, இசையின் கட்டமைப்பு மாறவில்லை.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு மூங்கில் அத்தெருக்களை ஆண்டது. ஆயினும் ஒரு குறை அதற்கு இருந்தது. நாள் முழுதும் தரையில் இடிபடும் மூங்கில் பிளந்துவிடும். ஊர்வலத்தின் நடுவில் மூங்கில் பிளந்தால், இசையை நிறுத்தாமல் கைக்குக் கிடைத்த எதையேனும் எடுத்துத் தட்ட வேண்டிய நிலை ஏற்படும். அடுத்த மாற்றத்திற்கு இந்த நெருக்கடி வழி திறந்தது.

தகரத்தின் வருகை

1930கள் டிரினிடாட்டின் ஏழைகளுக்குக் கொடிய காலம். உலகப் பொருளாதார மந்தத்தால் கூலி குறைந்தது, வேலை அரிதாயிற்று. 1937 ஜூனில் பட்லர் என்னும் தலைவரின் கீழ் எண்ணெய் வயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தீவையே உலுக்கினர். தலைநகரின் கிழக்கே குன்றுச் சரிவுகளிலும், நகரின் நெரிசல் மிகுந்த முற்றங்களிலும் வாழ்ந்த இளைஞர்களிடம் கருவி வாங்கப் பணமில்லை. ஆனால் நகரம் எறிந்த பொருள்கள் அவர்களைச் சுற்றிக் கிடந்தன.

பிஸ்கட் டின், வண்ணப்பூச்சு டப்பா, குப்பைத்தொட்டி மூடி, பழைய கார்களின் பிரேக் டிரம் ஆகியவை ஒவ்வொன்றாக மூங்கில் குழுக்களில் இடம்பெற்றன. 1930களின் பிற்பகுதியில், நியூடவுன் பகுதியைச் சேர்ந்த 'அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட்' என்ற குழு, மூங்கிலை அறவே விடுத்துத் தகரக் கருவிகளை மட்டுமே கொண்டு கார்னிவலில் நடந்தது என்பர். அடுத்தடுத்த ஆண்டுகளில் பிற குழுக்களும் அவ்வழியே சென்றன. பிரேக் டிரம்மின் கணீரென்ற ஒலி இன்றளவும் பான் குழுக்களில் 'இரும்பு' என்ற பெயரோடு தாளத்தைத் தாங்கி நிற்கிறது.

இதுவரை தகரம் தாளக் கருவியாகவே இருந்தது. அது பண்ணிசைக்கும் கருவியாக மாறியதே பெரிய திருப்பம். தொடர்ந்து அடிபட்ட தகரம் பள்ளம் விழும். பள்ளத்தை உட்புறமிருந்து தட்டிச் சீராக்கினால், தட்டிய இடத்திற்கேற்ப ஒலி மாறும். இதனை வின்ஸ்டன் 'ஸ்ப்ரீ' சைமன் என்னும் இளைஞர், இரவல் கொடுத்த தம் தகர முரசு நசுங்கித் திரும்பியபோது அறிந்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. இப்பெருமையை வேறு பகுதியினர் தத்தம் குழுவைச் சேர்ந்த வேறு சிலருக்கு உரித்தாக்குவர். ஒரே பொருளை ஒரே தேவையோடு பல முற்றங்களில் பலரும் தட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரே உண்மை பலருக்கும் புலப்பட்டிருத்தல் இயல்பே. தம் பெயரை எவரும் எழுதி வைக்காத இளைஞர்களுக்கும் இக்கண்டுபிடிப்பில் பங்குண்டு என்று கொள்வதே நடுநிலையாகும்.

இரண்டாம் உலகப்போர் மூண்டதும், 1942 முதல் 1945 வரை கார்னிவல் தடை செய்யப்பட்டது. மீண்டும் ஒரு தடை. மீண்டும் முற்றங்களுக்குள் மறைந்து உழைத்த ஒரு காலம். ஊர்வலம் இல்லாத அவ்வாண்டுகளில் இளைஞர்கள் தகரத்தைத் தட்டித் தட்டிச் சுரங்களைத் தேடினர். தெருவுக்கு வந்தவர்கள் கைதாயினர். 1945 மே மாதத்தில் ஐரோப்பாவில் போர் முடிந்த செய்தி எட்டியதும், முற்றங்களில் அடைந்து கிடந்த கருவிகள் அனைத்தும் தெருவில் இறங்கின. அடுத்த ஆண்டு கார்னிவலில் ஸ்ப்ரீ சைமன் ஆளுநர் முன்னிலையில் தம் தகரக் கருவியில் முழுப் பாடல்களை வாசித்துக் காட்டினார்.

பீப்பாய் பான் ஆகும் முறை

போர்க்காலத்தில் அமெரிக்கா இத்தீவின் சாகுவாராமஸ் கடற்கரையில் கடற்படைத் தளமும், வாலர்பீல்டில் விமானத் தளமும் அமைத்திருந்தது. அவற்றின் வழியாகவும், தீவின் சொந்த எண்ணெய் வயல்கள் வழியாகவும் 55 காலன் கொள்ளும் இரும்புப் பீப்பாய்கள் ஏராளமாகப் புழக்கத்திற்கு வந்தன, காலியானபின் கழிக்கப்பட்டன. உட்புரூக் பகுதியின் 'இன்வேடர்ஸ்' குழுவைச் சேர்ந்த எல்லி மானெட், இருபது வயதை ஒட்டிய பருவத்தில், 1946 அளவில் இப்பீப்பாயைக் கருவியாக்கினார். அதுவரை தகரத்தின் முகம் வெளிப்புறம் புடைத்திருந்தது. அவர் அதனை உட்புறம் குழித்தார். குழிந்த பரப்பில் மிகுதியான சுரங்களுக்கு இடம் கிடைத்தது. இன்றைய பானின் வடிவம் அங்கே தொடங்குகிறது.

பான் செய்யும் முறையை அறிந்தால்தான் அதன் பின்னுள்ள உழைப்பின் அளவு விளங்கும். முதலில் பீப்பாயைத் தலைகீழாக நிறுத்தி, அதன் அடித்தட்டைப் பெரிய சம்மட்டியால் வட்டம் வட்டமாக அடித்துக் குழியாக இறக்குவர். மேலொலிப் பானுக்கு இக்குழி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் ஆழம் இருக்கும். ஓரிடத்தில் மிகுந்து அடித்தால் தகடு கிழியும். குறைத்து அடித்தால் ஒலி பிறவாது. அடுத்து ஒவ்வொரு சுரத்திற்கும் உரிய இடத்தை வரைந்து, ஆணி போன்ற உளியால் அதன் எல்லையைக் கொத்துவர். ஒரு சுரத்தின் அதிர்வு அடுத்த சுரத்தின் எல்லைக்குள் எளிதில் பரவாமல் காப்பது இக்கொத்து வரியே. பின்னர்ப் பீப்பாயின் பக்கச் சுவரைத் தேவையான உயரத்திற்கு அறுப்பர். அதன்பின் தீயில் வாட்டி, தகட்டுக்கு உறுதியூட்டுவர். இறுதியாகச் சிறு சுத்தியலால் மேலும் கீழுமாகத் தட்டிச் சுருதி சேர்ப்பர். ஒரு சுரம் சரியானதும் அடுத்தது கலையும். மீண்டும் முதலிலிருந்து செவிகொடுத்துத் தட்ட வேண்டும். நல்ல சுருதி சேர்ப்பவரை அத்தீவினர் பெருங்கலைஞராக மதிப்பதற்குக் காரணம் இதுவே.

பக்கச் சுவரின் நீளமே ஒலியின் வகையை அறிவிக்கும். மேலொலிப் பானுக்குச் சுவர் குட்டையானது. அதில் இருபத்தெட்டு அல்லது இருபத்தொன்பது சுரங்கள் அமையும். கீழொலிப் பானுக்குப் பீப்பாய் முழு நீளத்தில் நிற்கும். ஒரு பீப்பாயில் மூன்று சுரங்களுக்கே இடமுண்டு. ஆதலின் ஒருவரே ஆறு பீப்பாய்களின் நடுவில் நின்று பதினெட்டுச் சுரங்களை ஆள்வார். அடிக்கும் குச்சியின் முனையில் ரப்பரைச் சுற்றுவர். தொடக்கத்தில் கழித்தெறிந்த சக்கர டியூபுகளே இதற்கும் உதவின. ரப்பர் சுற்றியபின் இரும்பின் கடுமை தணிந்து, மணியோசை போன்ற இனிமை பிறந்தது.

1950களில் அந்தோணி வில்லியம்ஸ் என்பவர் மேலொலிப் பானில் சுரங்களை அடுக்கிய முறை தமிழிசை பயில்வோர்க்குச் சுவையளிப்பது. அவர் பன்னிரண்டு சுரத்தானங்களை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொன்றின் ஒரு புறத்தில் அதன் பஞ்சமத்தையும் மறுபுறத்தில் அதன் மத்திமத்தையும் அமைத்தார். ச–ப முறை, ச–ம முறை என்று தமிழிசை நூலார் கூறும் உறவே இது. நட்புடைய சுரங்கள் அடுத்தடுத்து அமைவதால், ஒன்றை அடிக்கும்போது அண்டைச் சுரம் அதிர்ந்தாலும் ஒலி கெடுவதில்லை. இன்று உலகெங்கும் பெருவழக்காயுள்ள அமைப்பு இதுவே.

பழியும் பரிவும்

பான் வாசித்தவர்களை அன்றைய சமூகம் மதிக்கவில்லை. பான் வாசிப்பவன் என்றால் வேலையற்றவன், சண்டைக்காரன் என்பதே பொதுக் கருத்து. குழுக்களுக்கிடையே குருதி சிந்தும் மோதல்கள் நிகழ்ந்ததும் உண்மை. காசாபிளாங்கா, டோக்கியோ, இன்வேடர்ஸ் எனப் போர்த் திரைப்படங்களின் சாயலில் குழுக்களுக்குப் பெயரிட்டனர், தெருவிலும் போரிட்டனர். 1950 கார்னிவலில் இன்வேடர்ஸ், டோக்கியோ குழுக்கள் மோதிய நிகழ்ச்சி காலிப்சோ பாடலாகவே பாடப்பட்டது. பான் முற்றத்தின் அருகே செல்லத் தம் மக்களைப் பெற்றோர் விடவில்லை.

பெண்களுக்கு இத்தடை இருமடங்காயிற்று. எனினும் 1950களின் தொடக்கத்தில் ஹேசல் ஹென்லி என்பவர் பெண்கள் மட்டுமே வாசிக்கும் 'கேர்ள் பேட்' என்னும் குழுவை அமைத்தார். நடுத்தர வகுப்புக் குடும்பங்களின் பெண்கள் வெளிப்படையாகப் பான் வாசித்த நிகழ்ச்சி, அக்கருவி மீது படிந்திருந்த பழியைத் துடைக்கப் பெரிதும் உதவியது. பெரில் மெக்பர்னி என்ற நடனக் கலைஞர் தாம் நிறுவிய 'லிட்டில் கரீப்' அரங்கின் மேடையில் இன்வேடர்ஸ் குழுவை ஏற்றினார். பானின் வரலாற்றை ஆடவர் வரலாறாகவே எழுதுவோர் இவ்விருவரையும் மறத்தல் தகாது.

1951ஆம் ஆண்டுக் கடற்பயணம்

1951இல் இலண்டனில் 'பிரிட்டன் விழா' என்னும் பெருவிழா நடைபெற்றது. அதற்குத் தம் நாட்டின் இசையாகப் பானை அனுப்ப வேண்டும் என்று டிரினிடாட்டில் சிலர் முயன்றனர். ஒருவரோடொருவர் பகைத்துக் கிடந்த குழுக்களிலிருந்து சிறந்த வாசிப்பாளர்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்துப் பதினொருவர் கொண்ட ஒரு குழுவை உருவாக்கினர். சுருக்கமாக 'டாஸ்போ' எனப்பட்ட இக்குழுவில் எல்லி மானெட், ஸ்ப்ரீ சைமன், அந்தோணி வில்லியம்ஸ், ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் முதலியோர் இடம்பெற்றனர். பயணச் செலவுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. நேற்று வரை சிலரால் இழித்துரைக்கப்பட்ட இளைஞர்களுக்கு ஊரே கூடி வழிச்செலவு தந்தது.

பார்படோசில் பிறந்த லெப்டினன்ட் ஜோசப் கிரிபித் என்னும் காவல்துறை வாத்தியக்குழுத் தலைவர் இவர்களைப் பயிற்றுவித்தார். பன்னிரண்டு சுரத்தானங்களும் ஒவ்வொரு வகைப் பானிலும் முழுமையாக இருத்தல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அத்தனை கீழொலிச் சுரங்களை ஒரே பீப்பாயில் அடக்க இயலாது என்ற தடை எழுந்தபோது, இரண்டு மூன்று பீப்பாய்களைச் சேர்த்து ஒரே கருவியாகக் கொள்ளும் வழி பிறந்தது. இன்றைய பான் குழுவின் பல்பீப்பாய் அமைப்புக்கு இப்பயணத்தின் ஆயத்தமே வித்திட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

1951 ஜூலை 6ஆம் நாள் 'சான் மாத்தியோ' என்ற கப்பலில் குழு புறப்பட்டது. வழியில் மார்த்தினிக் தீவில் ஒருவர் நோயுற்றதால் திரும்ப நேர்ந்தது. பதின்மர் பயணத்தைத் தொடர்ந்தனர். ஜூலை 26 அன்று தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் விழா வளாகத்தில் அவர்கள் கருவிகளை வைத்தபோது, துருவேறிய பீப்பாய்களைக் கண்ட கூட்டத்தினர் ஏளனமாக நோக்கினர் என்பர். இசை எழுந்ததும் ஏளனம் வியப்பாயிற்று. துருவேறிய அந்த இரும்பிலிருந்து மெல்லிசையும் நடன இசையும் ஒருங்கே பிறந்ததை அவர்களால் நம்ப இயலவில்லை. முரசுக்குத் தடை விதித்த பேரரசின் தலைநகரில், அத்தடையின் வழித்தோன்றலான கருவி அரங்கேறியது.

தாயகம் திரும்பியபோது இவ்வாசிப்பாளர்கள் புதிய மதிப்புடன் வரவேற்கப்பட்டனர். அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. பகைத்த குழுக்களின் கலைஞர்கள் தத்தம் சுருதி நுட்பங்களை ஒருவருக்கொருவர் கற்பித்திருந்தனர். தனித்தனி முற்றங்களில் மறைத்து வைக்கப்பட்டிருந்த அறிவு இப்பயணத்தினால் பொதுச் சொத்தாயிற்று.

நடந்து பரவிய இசை

பெட்டன்கோர்ட் இலண்டனிலேயே தங்கிவிட்டார். அங்குக் குடியேறிய மேற்கிந்தியத் தீவு மக்கள் நிறவெறியின் கொடுமையை அனுபவித்த காலம் அது. 1958இல் நாட்டிங்ஹில் பகுதியில் அவர்கள்மீது வெள்ளை இளைஞர் கும்பல்கள் தாக்குதல் நடத்தின. 1960களின் நடுவில் அதே பகுதியில் குழந்தைகளுக்காக ஒரு தெரு விழா நடைபெற்றது. அதற்கு அழைக்கப்பட்ட ரசல் ஹெண்டர்சன், பெட்டன்கோர்ட் முதலிய பான் கலைஞர்கள் ஒரே இடத்தில் நின்று வாசிக்காமல், கழுத்தில் பானை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கத் தொடங்கினர். மக்கள் வீடுகளிலிருந்து இறங்கிப் பின்தொடர்ந்தனர். இன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய தெருவிழாக்களுள் ஒன்றான நாட்டிங்ஹில் கார்னிவல் அந்நடையில் உருப்பெற்றது.

அமெரிக்கக் கடற்படையும் 1957இல் போர்ட்டோரிக்கோவில் சொந்தமாக ஒரு பான் குழுவை அமைத்தது. 1999 வரை அது பல நாடுகளில் வாசித்தது. கடற்படைத் தளம் கழித்த பீப்பாய்களில் பிறந்த கருவியை அதே கடற்படை தன் இசையாக ஏற்றுக்கொண்டது.

தாயகத்தில் பானின் நடை வேறு வகையாக மாறியது. கருவிகள் பெருகிப் பெருத்தமையால் கழுத்தில் சுமத்தல் அரிதாயிற்று. சக்கரம் பொருத்திய இரும்புச் சட்டங்களில் பான்களை ஏற்றி, ஆதரவாளர்கள் தள்ளிச் செல்லும் முறை வந்தது. 1962 ஆகஸ்டு 31 அன்று நாடு விடுதலை பெற்றது. 1963இல் 'பனோரமா' என்னும் போட்டி தொடங்கியது. அந்தோணி வில்லியம்ஸ் நடத்திய 'நார்த் ஸ்டார்ஸ்' முதற் பரிசு பெற்றது. எண்ணெய் நிறுவனங்கள் குழுக்களுக்குப் புரவலராயின. பின்னாளில் இந்திய வழியினரான ஜித் சமரூ, 'ரெனிகேட்ஸ்' குழுவுக்கு இசையமைத்து 1982 முதல் 1997 வரை ஒன்பது முறை அப்போட்டியில் வெற்றி தேடித் தந்தார். 1884இல் ஒரே தடைக்கு ஆளான இரு மக்களின் வழித்தோன்றல்கள் ஒரே கருவியில் கூடிய காட்சி அது.

இவ்வளர்ச்சியில் ஓர் இழப்பும் உண்டு. போட்டி மேடை பெருகப் பெருக, தெருவில் பானின் ஒலி அருகியது. ஒலிபெருக்கி ஏற்றிய லாரிகளின் பேரிரைச்சலோடு பானால் போட்டியிட இயலவில்லை. நடப்பதற்காகவே பிறந்த கருவி, ஆண்டில் ஓரிரு இரவுகள் மேடையில் நின்று மதிப்பெண் பெறும் கருவியாகச் சுருங்கும் என்ற கவலையைத் தீவின் கலைஞர்களே எழுப்பியுள்ளனர். கழுத்தில் மாட்டி வாசிக்கும் ஒற்றைப் பான் குழுக்களுக்கெனப் பனோரமாவில் தனிப் பிரிவு வைத்திருப்பது இந்நிலையில் ஆறுதல் தருகிறது.

நிறைவுரை

1992இல் டிரினிடாட் டொபாகோ அரசு பானைத் தேசிய இசைக்கருவியாக அறிவித்தது. 2023இல் ஐக்கிய நாடுகள் பொது அவை ஆகஸ்டு 11ஆம் நாளை உலக ஸ்டீல் பான் நாளாக ஏற்றது. இவற்றினும் ஆழ்ந்த பொருளுடையது 2025 ஜனவரியில் நிகழ்ந்த மாற்றம். அந்நாட்டின் அரசுச் சின்னத்தில் அதுவரை கொலம்பசின் மூன்று கப்பல்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றை நீக்கிப் பானைப் பொறிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

அடிமைகளைச் சுமந்து வந்த கடல்வழிக்கு முன்னோடியானவை அக்கப்பல்கள். அவற்றின் இடத்தில் இன்று ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாய் அமர்ந்துள்ளது. இதனை வெறும் சின்ன மாற்றம் என்று கருதுதல் பொருந்தாது. தோல் முரசைப் பறித்தபோது மூங்கிலையும், மூங்கில் பிளந்தபோது தகரத்தையும், கார்னிவலைத் தடுத்தபோது முற்றத்தையும் பற்றிக்கொண்ட மக்களின் விடாமுயற்சிக்கு ஒரு நாடு காலம் தாழ்த்திச் செய்த மரியாதை அது. அம்மரியாதைக்கு உரியவர்களுள் மானெட், சைமன், வில்லியம்ஸ் போன்ற பெயர் விளங்கியோர் சிலரே. துருப்பிடித்த பீப்பாயைக் குப்பையிலிருந்து உருட்டி வந்து, காவலர் வரும் ஓசைக்கு ஒரு செவியும் சுரத்திற்கு ஒரு செவியும் கொடுத்துத் தட்டிக்கொண்டிருந்த பெயர் தெரியாத இளைஞர்களே அவர்களுள் பெரும்பாலோர். பானின் வரலாற்றை எழுதுவோர் முதலில் நன்றி கூற வேண்டியதும் அவர்களுக்கே ஆகும்.